கைவிசேடமும் ஒன்றரை மடங்கும்

சுன்னாகத்துப் புடவைக்கடை ஒன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். அந்தக் கடையில் 'மேலதிக நேரம்' என்ற சொல்லை நீண்ட காலமாக யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. எங்களிடம் அதற்கு வேறொரு சொல் இருந்தது. பின்னேரம் ஆறு மணியை அண்டும்போது முதலாளி காசு மேசையிலிருந்து எழும்பி வருவார். குரலில் கொஞ்சம் சீனி கலந்து, "பிள்ளையள், இண்டைக்குக் கொஞ்சம் நிண்டு போங்கோவன்" என்பார்.

அந்தக் கடைசி 'வன்'னில்தான் விசயம் முழுக்க இருந்தது. 'போங்கோ' என்றால் அது கட்டளை, முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கலாம். 'போங்கோவன்' என்றால் அந்த மனிதர் எங்களிடம் தயவாகக் கேட்கிறார். தயவாகக் கேட்கிறவரிடம் எத்தனை மணி வரைக்கும், எதற்குப் பதிலாக என்று திருப்பிக் கேட்க யாருக்கு வாய் வரும்? எனக்கு வாய் நீளம் என்று எங்கள் உடுவில் ஊர் முழுக்கச் சொல்லும். எனக்கே வரவில்லை.

ஆகவே நின்றோம். பேச்சுக்கு இல்லை, உண்மையாகவே காலில் நின்றோம், ஏனென்றால் விற்கிற பெண்களுக்கு அங்கே கதிரை கிடையாது. ஆட்கள் உள்ளே வரும்போது நாங்கள் இருந்த இடத்திலிருந்து எழும்பினால் அது கடைக்கு மரியாதை இல்லையாம். தைப்பொங்கல், வருடப்பிறப்பு, கலியாண மாதங்கள், தீபாவளி எல்லாம் நின்றோம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, அடுக்கி வைத்த சேலை அத்தனையையும் இறக்கிப் பார்த்துவிட்டு, கொழும்பிலும் ஒருக்கால் பார்ப்போம் என்று சொல்லிப் போவார்கள். அதை மடித்து அடுக்கும் வரைக்கும் நின்றோம். நான் சைக்கிளில் வீடு போய்ச் சேர்ந்துவிடுவேன். கொக்குவிலிலிருந்து வருகிற அக்காவுக்குத்தான் கரைச்சல். மினிபஸ் போய்விட்டால் ஓட்டோ பிடிக்கவேண்டும், அது அவருடைய சொந்தச் செலவு.

கொக்குவில் அக்கா கலியாணக் கூறைச் சேலைப் பகுதியைப் பார்த்தவர். நான் கடைக்குச் சேரும்போதே அவர் அங்கே பழைய ஆள். மாப்பிள்ளை வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தே எந்த விலைக் கூறையை முதலில் விரிக்கவேண்டும் என்று அறிந்துவிடுவார். அதிகம் கதைக்கமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் கதைப்பேன், அதனால் எங்களுக்குள் நல்லாக ஒத்துப்போனது.

முதலாளியைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகும். என் அம்மா செத்தபோது பந்தல்காரனுக்குக் காசு கொடுத்தது அவர். செத்தவீட்டில் கடைசிவரைக்கும் நின்று, எட்டாம் நாள் சடங்குக்கும் வந்தார். கடையில் யாருக்குக் கலியாணம் என்றாலும் கூறை அவருடையது. 'நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி' என்று அவர் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, அவர் அதை நம்பினார். நாங்களும் நம்பினோம்.

இன்னொன்றையும் நம்பினோம். நின்ற நேரத்துக்குக் காசு என்பது அரசாங்க உத்தியோகத்தருக்கு மட்டும் உரியது என்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று எங்கள் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? ஓய்வூதியம், லீவு, ஓ.ரி. எல்லாம் அந்தக் கோழியோடு வருகிற முட்டைகள். புடவைக்கடைக்கு வந்தவர்கள் அதைக் கேட்பது தலைவிதியோடு சண்டை பிடிப்பது போல.

எங்களுக்குக் கிடைத்தது கைவிசேடம். சித்திரை வருடப்பிறப்பு முடிந்து கடை திறக்கும் நாளில் முதலாளி குத்துவிளக்கு ஏற்றி வைப்பார். எங்களூரில் பஞ்சாங்கம் இரண்டு. இரண்டும் இரண்டு நேரம் சொல்லும். முதலாளி இரண்டையும் பார்த்து, எது கடை திறக்க வசதியோ அந்தப் பஞ்சாங்கத்தை அந்த வருடம் பிடித்துக்கொள்வார். ஒவ்வொருவராகப் போய் நின்றால், வெற்றிலையில் வைத்துப் புதுக் காசுத்தாள் தருவார். இரண்டு கையாலும் வாங்கவேண்டும், கண்ணில் ஒற்றவேண்டும், அங்கே நின்று எண்ணக்கூடாது. தாராளமான கை அவருக்கு. அதை மறைக்கமாட்டேன்.

நான் அந்தக் காசை அன்றைக்கே சந்தையில் மாற்றிச் செலவழித்துவிடுவேன். கத்தரிக்காய்க்காரிக்கு என் கைவிசேடத்தால் ராசி வரட்டும் என்று சொல்லிக்கொள்வேன். அக்கா மாற்றமாட்டார். சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுபோய், சுவாமி அறையில் இருக்கும் ஒரு தகரப் பிஸ்கற் பேணிக்குள் போட்டுவிடுவார். கைராசி உள்ள மனிதர் தந்தது, அதைச் செலவழிக்கக்கூடாது என்பார். லட்சுமியைப் பேணிக்குள் மறியலில் வைத்திருக்கிறீர்கள் என்று நான் ஒவ்வொரு வருடமும் பகிடி பண்ணுவேன். அவரும் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்.

ஒரு நல்லூர்க் காலத்தில், அடித்தட்டிலிருந்து கூறை எடுக்கக் குந்திய அக்கா எழும்பவில்லை. இரண்டு பேர் தூக்கி நிறுத்தினோம். முழங்கால் தேய்ந்துவிட்டது என்றார் டொக்டர். நிற்பதைக் குறைக்கவேண்டும், வைத்தியம் செய்யவேண்டும். அரசாங்க ஆசுபத்திரியில் பேர் பதிந்தால் காத்திருக்கவேண்டும், தனியாரிடம் என்றால் காசு வேண்டும். அக்கா முதலாளியிடம் போய், இனி ஆறு மணிக்கே போகவேண்டும் என்று கேட்டார். கூறைப் பகுதியை வேறு யார் பார்ப்பது, இந்தக் கலியாண மாதங்கள் முடியும்வரை சமாளியுங்கோவன் என்றார் அவர். திரும்பவும் அந்த 'வன்'. அக்கா ஒரு கையை அலுமாரியில் ஊன்றிக்கொண்டு சமாளித்தார்.

அவருடைய மகள் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சுப்பர்மார்க்கற்றில் காசு வாங்கும் இடத்தில் வேலை. மகளின் சம்பளச் சீட்டில் மேலதிக நேரம் என்று ஒரு வரி இருப்பதை அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார். அது பெரிய கொம்பனிக்காரரின் பவிசு என்றேன். இல்லையாம், கடை சின்னதோ பெரிதோ, சட்டம் ஒன்றுதானாம். நாளுக்கு எட்டு மணித்தியால வேலை, அதற்கு மேலே நின்றால் மணிக்கு ஒன்றரை மடங்கு. மகள் அடித்துச் சொல்கிறாளாம். எங்களுக்கு ஒரு மடங்கே இல்லை, இதில் அரை வேறா என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம், கடையில் ஆள் குறைந்த நேரம், அக்கா காசு மேசைக்குப் போனார். நான் பக்கத்தில் நின்று, ஏற்கனவே மடித்திருந்த சேலையைத் திரும்ப மடித்தேன். காது அங்கே.

"முதலாளி, ஆறு மணிக்குப் பிறகு நிண்ட நேரத்துக்குச் சட்டப்படி ஏதோ இருக்காம். அதைத் தந்தியள் எண்டால் முழங்காலுக்கு வைத்தியம் செய்வன்."

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நல்லது. அவருடைய முகம், பெற்ற பிள்ளை வாடகை கேட்டதுபோல வாடிப்போனது. "உங்களை நான் கூலிக்கு நிக்கிற ஆளாவோ நினைச்சனான்?" என்றார்.

அக்கா திரும்பித் தன் இடத்துக்கு வந்தார். முதலாளி எவ்வளவு மரியாதையாகக் கேட்டார் என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. கூலிக்கு நிற்கவில்லையென்றால், அப்போது நாங்கள் எதற்கு நின்றோம்? கூலி இல்லாமல் நிற்கிற ஆளுக்கு என்ன பெயர்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளிலிருந்து அக்கா கடைக்கு வரவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு அரசாங்கத் தொழில் கந்தோருக்குப் போய் முறைப்பாடு கொடுத்துவிட்டார். பிறகு என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல், சாட்சிக்கு வருவீரோ என்று கேட்டார். "நீர் வாய்க்காரி. ஒருக்கா எனக்காக உந்த வாயைத் திறவும்."

எனக்குப் பயம் வந்தது என்பதைச் சொல்லவேண்டும். நான் இன்னும் அந்தக் கடையில் வேலை. இரண்டு பிள்ளைகளின் ரியூசன் அந்தச் சம்பளத்தில் ஓடுகிறது. ஆனால் அவர் வாசற்படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்து இறங்கியதைப் பார்த்தேன். வாறன் அக்கா என்றேன்.

தொழில் உத்தியோகத்தர் ஸ்கூட்டியில் கடைக்கு வந்தார். என்னைவிட இளம் பெண். முதலாளியைக் காசு மேசையில் இருக்கச் சொல்லிவிட்டு எங்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார். எத்தனை மணிக்கு வருவீர்கள், எத்தனை மணிக்குப் போவீர்கள். எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னோம். கடைசியில், மேலதிகமாக நிற்கும் நேரத்துக்கு ஏதாவது தருகிறார்களா என்று கேட்டார். சிறுபிள்ளை உடுப்புப் பகுதியில் நிற்கும் பெண் முந்திக்கொண்டு, "ஓம் மிஸ், வருசத்துக்கு வருசம் கைவிசேசம் தருவார்" என்றாள். மற்றவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

அவள் காலை மிதிக்கலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. தந்த மனிதரைத் தரவில்லை என்று சொல்லக்கூடாது, அது நன்றி கெட்ட வேலை என்ற எங்கள் வளர்ப்புத்தான் அவள் வாயில் வந்தது. உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். காசு மேசையில் முதலாளியின் காது நிமிர்ந்ததை நான் கண்டேன்.

முதலாளிக்கு ஒரு கணக்காளர் இருந்தார். கூர்மையான மனிதர், வெயிலிலும் ரை கட்டுவார். தொழில் கந்தோருக்கு அவர் எழுதிக் கொடுத்த பதிலின் பிரதி ஒன்று அக்காவுக்கும் போனது. அக்கா எனக்குப் போன் எடுத்து ஒரு வசனத்தை வாசித்தார். ஊழியர்கள் மேலதிகமாகச் செய்த வேலைக்காக, வருடாந்தம், கைவிசேடம் என்ற பெயரில் கொடுப்பனவு வழங்கப்பட்டு வந்துள்ளது. திரும்பவும் ஒருமுறை அதை வாசித்தார். பிறகு, "அப்ப உது கூலியாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அந்த ஒரு வசனம் செல்லுபடியானால் ஒன்றரை மடங்கும் இல்லை, முழங்காலுக்கு வைத்தியமும் இல்லை. வருடக்கணக்காக நின்றதெல்லாம் கணக்குத் தீர்ந்த விசயமாகிவிடும்.

விசாரணை ஒரு காலையில், பட்டினத்தில், தொழில் கந்தோரின் சின்ன அறை ஒன்றில் நடந்தது. நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். எதற்கு லீவு என்று முதலாளி கேட்கவில்லை, அவருக்குத் தெரியும். வேட்டி சட்டையும் திருநீறுமாக, கணக்காளரோடு எங்களுக்கு முன்பே வந்திருந்தார். அக்கா கெந்திக் கெந்தி உள்ளே வந்தபோது, யாரும் சொல்லாமலே எழும்பிப்போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அவருக்கு முன்னால் அக்கா கதிரையில் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

என்னைக் கேட்டார்கள். ஆறு மணிக்குப் பிறகு நின்றது உண்மை என்றேன். கைவிசேடம் அதற்காகத் தரப்பட்டதுதானே என்று கணக்காளர் இடையில் நுழைந்தார். என் வாய்க்கு வேலை வந்தது.

"கடையிலை ஒருநாளும் வேலை செய்யாத, முதலாளியின்ரை மருமக்களுக்கும் அதே விளக்கடியிலைதான் கைவிசேசம் குடுத்தவர். அவையளும் ஆறு மணிக்குப் பிறகு நிண்டவையோ?"

உத்தியோகத்தர் குனிந்து எழுதினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். கணக்காளர் அசரவில்லை. மருமக்களின் கதை வேறு, ஊழியர்களே தங்கள் வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், கடைக்கு வந்தபோது நீங்களே எழுதினீர்கள் என்று உத்தியோகத்தரிடம் சொன்னார். அது சரிதான். எழுதித்தான் இருந்தது.

அப்போது அக்கா தன் பையைத் திறந்து பிஸ்கற் பேணியை எடுத்து மேசையில் வைத்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே தாள்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, சிலதில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. வெற்றிலைச் சருகு தூளாகிக் கிடந்தது. அவர் உத்தியோகத்தரைப் பார்க்கவில்லை, கணக்காளரையும் பார்க்கவில்லை.

"முதலாளி, இவ்வளவும் நீங்கள் தந்தது. ஒண்டும் மாத்தேல்லை. கூலி எண்டு தந்திருந்தால் அண்டண்டைக்கே அரிசி வாங்கியிருப்பன். கைவிசேசம் எண்டு தந்தபடியால்தான் கண்ணிலை ஒத்தி வைச்சனான். இப்ப நீங்களே சொல்லுங்கோ, இது எது?"

கணக்காளர் முதலாளியின் கையை மெல்லத் தொட்டார். முதலாளி பேணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வந்த இக்கட்டு எனக்கு விளங்கியது. கூலி என்று சொன்னால் காசு மிச்சம். ஆனால் விளக்கேற்றி, நேரம் பார்த்து, கை நிறையத் தருகிற மனிதர் என்று ஊர் சொன்னதெல்லாம் பொய். சம்பளப் பாக்கியை வெற்றிலையில் சுற்றித் தந்தவர் என்றாகிவிடும். கைவிசேடம் என்று சொன்னால் பெயர் மிச்சம், ஒன்றரை மடங்கு கட்டவேண்டும்.

"அது கைவிசேசம்தான்," என்றார் முதலாளி. "வேற ஒண்டும் இல்லை."

கணக்காளர் பைலை மூடினார். உத்தியோகத்தர் கைவிசேடத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று விளக்கிவிட்டு, வேலை நேரங்களைக் கணிக்கத் தொடங்கினார். கேட்டது முழுக்க வரவில்லை. சாட்சியோடு காட்டக்கூடிய காலத்துக்கு மட்டும் வந்தது, அதுவும் தவணையாக வந்தது. அக்காவின் முழங்கால் வைத்தியத்துக்கு அது காணும். அவர் கடைக்குத் திரும்பி வரவில்லை.

கடை மாறியது. நேரம் பதிய விரல் வைக்கும் மெசின் ஒன்று வாசலில் வந்தது. பின்னேரத்தில் முதலாளி எழும்பி வருவதில்லை. நிற்க விருப்பமுள்ளவர்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று புதிதாக வந்த மனேச்சர் கேட்பார். பிளாஸ்ரிக் கதிரைகளும் வந்தன. நான் ஆள் வந்தாலும் எழும்புவதில்லை, சேலை காட்டும்போதுதான் எழும்புவேன். கொக்குவில்காரி ஒரு குடும்பத்தைக் குழப்பிவிட்டாள் என்று சில பெண்கள் வாய்க்குள் புறுபுறுத்தார்கள். மாத முடிவில் ஓ.ரி. காசு வாங்க முதலில் வரிசையில் நின்றவர்களும் அவர்கள்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

அடுத்த சித்திரையில் கடை திறந்தபோது, முதலாளி கைவிசேடம் தருவாரா மாட்டாரா என்று எல்லோருக்கும் யோசனை. தந்தார். விளக்கு எரிந்தது, வெற்றிலை இருந்தது, புதுத்தாள் இருந்தது. பக்கத்தில் கணக்காளரும் இருந்தார், ஒரு கொப்பியோடு. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் 'அன்பளிப்பு, மேலதிக நேரக் கொடுப்பனவு அல்ல' என்று எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

கைவிசேடத்தை இரண்டு கையாலும் வாங்கவேண்டும். கையெழுத்து வைக்க ஒரு கை வேண்டும். வெற்றிலையைக் கீழே வைக்கவும் கூடாது. எனக்கு முன்னால் நின்றவள் வெற்றிலையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையெழுத்து வைத்தாள். என் முறை வந்தபோது முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டு தந்தார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது. விசாரணையில் அவ்வளவு காசைக் கொடுத்துக் காப்பாற்றிய ஒன்றை, தன் கையாலேயே இப்படிக் கெடுத்துவிட்டாரே என்று இருந்தது. ஆத்திரமும் வந்தது. கையெழுத்து வைத்துவிட்டு, அந்தக் காசை வழமைபோலச் சந்தையில் மாற்றினேன்.

அன்று பின்னேரம், ஆறு மணிக்கே வேலை விட்டு, கொக்குவிலுக்குப் போனேன். அக்கா படலைவரைக்கும் தானாக நடந்து வந்து திறந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டுபோய், சுவாமி அறை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, வெற்றிலையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் எதற்கு எனக்குத் தரவேண்டும் என்றேன்.

"இவ்வளவு காலமும் நான் வாங்கினதுதான். ஒருத்தருக்கும் குடுத்ததில்லை," என்றார் அக்கா. "இது என்ரை கூலிக்காசு. பிடியும்."

வழமைபோல என் வாய் முந்திக்கொண்டது. "எங்கை அக்கா கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டேன். காலையில் நடந்ததைச் சொன்னேன். வெற்றிலையைக் கடித்தவளின் கதையைக் கேட்டு, அக்கா முழங்காலை மறந்து நின்ற நிலையிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உமக்குக் கையெழுத்து ஒண்டும் வேண்டாம். கண்ணிலை ஒத்தும், காணும்" என்றார்.

இரண்டு கையாலும் வாங்கி ஒற்றினேன். அந்தத் தாளை நான் இன்னும் மாற்றவில்லை.